வெளுப்பின் விலை: இறால், வெல்லம், திராட்சையில் சல்பைட்

கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் தலையைத்தான். தலை கறுத்திருந்தால் ‘பழசு’ என்று ஒதுக்கிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவோம். வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் விஷயமெல்லாம் அந்த ஒரு பார்வையிலிருந்துதான் தொடங்குகிறது.

இறால் செத்த பிறகும் அதன் தலையிலும் ஓட்டிலும் இருக்கும் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. காற்றுப் பட்டதும் கறுப்பு நிறமியை உண்டாக்குகின்றன. வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வேதியியலால்தான். முதலில் தலை மங்கும். பிறகு ஓட்டின் வளையங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் கோடு விழும். அடுத்து கால்களும் வால் விசிறியும் கறுக்கும். ஐஸ் இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இந்தக் கறுப்பைக் கிருமி உண்டாக்குவதில்லை. சாப்பிட்டால் கெடுதலும் இல்லை. கெட்ட இறாலைக் காட்டிக்கொடுப்பது நாற்றமும், அழுத்தினால் குழையும் சதையும், பிசுபிசுப்பும்தான். ஆனாலும் கறுத்த இறாலை யாரும் கேட்ட விலைக்கு வாங்குவதில்லை. அதனால், பிடித்த உடனே இறாலைச் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்கும் வழக்கம் உலகம் முழுவதும் வந்தது. 1.25 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம் என்பது ஏடுகளில் சொல்லப்படும் அளவு. படகிலோ குளக்கரையிலோ யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பொடியைக் கை அளவாக அள்ளிப் போட்டால் கரைசல் எவ்வளவு கனமாகும் என்பதற்கும் கணக்கு கிடையாது.

சல்பைட் என்பது ஒரே பொருள் அல்ல, ஒரு குடும்பம். கந்தக டைஆக்சைடு வாயு, சோடியம் சல்பைட், பைசல்பைட், மெட்டாபைசல்பைட், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் எல்லாம் அதில் அடக்கம். புளிப்புள்ள உணவில் சேர்ந்தால் எல்லாமே கடைசியில் கந்தக டைஆக்சைடைத்தான் வெளிவிடும். தீக்குச்சி உரசியதும் மூக்கைக் குத்துகிறதே, அதே வாயு. நிறம் கறுக்காமல் காப்பது, பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தடுப்பது, ஏற்கெனவே இருக்கும் நிறத்தை வெளுப்பது என்று மூன்று வேலையையும் ஒரே பொடி செய்கிறது. விலையும் மலிவு. அதனால்தான் ஒயின் பாட்டிலிலிருந்து வெல்ல உருண்டை வரை எங்கும் நுழைந்திருக்கிறது.

யாருக்குப் பிரச்சினை?

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. உடலிலேயே சல்பைட்டைச் சல்பேட்டாக மாற்றிச் சிறுநீரோடு அனுப்பிவிடும் நொதி இருக்கிறது. இதைச் சொல்லாமல் பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம். சிரமப்படுகிறவர்கள் ஆஸ்துமாக்காரர்கள், அவர்களிலும் ஒரு பகுதியினர். நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர் என்று மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. தினமும் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இளைப்பு உள்ளவர்களிடம் இது அதிகம். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே நெஞ்சு இறுகும், வீசிங் வரும். சிலருக்கு உடம்பில் தடிப்பும் அரிப்பும் வரும். மிகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 1980-களில் ஓட்டல்களில் பச்சைக் காய்கறிகள் வாடாமல் இருக்கச் சல்பைட் தண்ணீர் தெளிப்பது பரவலாக இருந்தது. அதைச் சாப்பிட்ட ஆஸ்துமா நோயாளிகள் சிலர் இறந்தார்கள். 1986-ல் பச்சையாகச் சாப்பிட விற்கும் பழம், காய்கறிகளில் அந்நாட்டு அரசு சல்பைட்டைத் தடை செய்தது.

இறால் சாப்பிட்டால் அரிப்பு வருகிறது என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் இறாலின் புரதம் தரும் ஒவ்வாமை. உயிரோடு துள்ளும் இறாலைச் சமைத்தாலும் வரும். நண்டு தின்றாலும் வரலாம். இறாலோடு உலர்திராட்சை, ஸ்குவாஷ், ஒயின் இவற்றுக்கும் இளைப்பு வருகிறது என்றால்தான் சல்பைட்டைச் சந்தேகப்பட வேண்டும். தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜிப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. மருத்துவமனையில், மருத்துவர் கண் முன்னால், சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும், செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன.

‘சல்ஃபா’ மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் சல்பைட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை; இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. இன்னொன்று, உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி மருந்திலேயே கொஞ்சம் மெட்டாபைசல்பைட் இருப்பதுண்டு. அதைக் காரணம் காட்டி, ஒவ்வாமையால் மூச்சுத் திணறும் நேரத்தில் அந்த ஊசியை மறுக்கக் கூடாது. மருத்துவ உலகம் இதில் ஒரே கருத்தில் இருக்கிறது.

உலக அளவில் நீண்ட காலம் வழக்கில் இருக்கும் உச்சவரம்பு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 42 மில்லிகிராம், 20 கிலோ குழந்தைக்கு 14. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு இந்த வரம்பைத் தற்காலிகமாகத்தான் ஏற்றிருந்தது. 2022-ல், பாதுகாப்பான அளவு இதுதான் என்று சொல்லப் போதிய ஆய்வு இல்லை என்று அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. இருந்தாலும் ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட 42 என்ற எண் நமக்குக் கைகொடுக்கும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறால் வாங்கும்போது

பச்சை இறாலில் உண்ணும் பகுதியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், சமைத்த இறாலில் 30 மில்லிகிராம் என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பு. வரம்புக்கு உட்பட்ட இறால் சதை 200 கிராம் சாப்பிட்டாலும் 20 மில்லிகிராமைத் தாண்டாது. ஆகவே அளவோடு முக்கிய இறால் சாதாரண ஆளுக்கு ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் அளவு தெரியாத கூடையில்தான். செய்யூர், கடப்பாக்கம் பக்கத்து உப்பங்கழி ஓரக் குளங்களில் இன்று வளர்வது பெரும்பாலும் வனாமி இறால். பசிபிக் கடலைச் சேர்ந்த இந்த இனத்தை இந்தியாவில் வளர்க்க 2009-ல் அனுமதி கிடைத்தது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணையே இருக்கிறது. வளர்க்கும் முறையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அது நல்ல இடம். ஏற்றுமதிக்குப் போகும் இறாலை வாங்கும் நாடுகள் சோதித்துப் பார்க்கின்றன. பெட்டியில் சல்பைட் இருப்பதை எழுதவும் சொல்கின்றன. உள்ளூர்ச் சந்தையின் அலுமினியக் கூடையில் எந்த எழுத்தும் இருக்காது.

வாங்குகிறவர் செய்யக்கூடியவை சில உண்டு. தலையோடு இருக்கும் இறாலை வாங்குங்கள். தலை லேசாக மங்கி, ஓடு கண்ணாடி போலத் தெளிந்து, சதை கெட்டியாக இருந்தால் அதுதான் நல்ல சரக்கு. இந்தக் கரையில் காலையில் கரையேறும் கட்டுமரத்து, ஃபைபர் படகு இறாலுக்கு மருந்து போட அவசியமே வருவதில்லை. பிடித்த சில மணி நேரத்தில் விற்றுப்போகும். நாள் கடந்த சரக்காக இருந்தும் தலையிலிருந்து வால் வரை ஒரு புள்ளிகூட இல்லாமல், ஓடு வெளிறி, முகர்ந்தால் கடல் வாசனைக்குப் பதில் மூக்கைச் சுருக்கும் காரம் அடித்தால், இளைப்பு உள்ளவர்கள் நகர்ந்துவிடுவது நல்லது. மருந்தின் பெரும் பகுதி தலையிலும் ஓட்டிலும் தங்குகிறது. உரித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் கணிசமாகக் குறையும். சமைத்தால் இன்னும் கொஞ்சம் ஆவியாகும். முழுதாகப் போய்விடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஒரு பங்கு சதையோடு பிணைந்துவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத இறாலின் தலையை வைத்துக் குழம்பு கூட்டாதீர்கள்.

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் சாப்பிடப் போகிறவர்கள், உரித்து வைத்த ஐஸ் இறாலா, காலைச் சரக்கா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்தத் தெருவில் மீனையும் இறாலையும் தட்டில் கொண்டுவந்து காட்டி, எடைக்கு விலை பேசுவது வழக்கம்தான். ‘எனக்கு வீசிங் இருக்குதுங்க, மருந்து போட்ட இறால் ஒத்துக்காது’ என்று நேராகச் சொன்னால் பெரும்பாலோர் நண்டையோ மீனையோ காட்டிவிடுவார்கள். ஃபிங்கர் சிப்ஸுக்கு வெட்டியே வரும் உருளைக்கிழங்கு, கடையில் வாங்கும் இஞ்சி-பூண்டு விழுது, பால் போல வெளுத்த மொட்டுக் காளான் ஆகியவற்றையும் அதே மூச்சில் கேட்டுக்கொள்ளலாம். மொட்டுக் காளானைப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் தண்ணீரில் கழுவி வெளுப்பது பரவலான வழக்கம். சிப்பிக் காளானுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

கருவாடு சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கேளம்பாக்கம், செய்யூர் உப்பளங்களின் உப்பும் வெயிலும்தான் இந்தக் கரையின் பழைய பதப்படுத்தும் முறை. நம் உணவுச் சட்டத்தில் உப்பு, சர்க்கரை, வினிகர், மசாலா ஆகியவை முதல் வகுப்புப் பதப்படுத்திகள். சல்பைட் இரண்டாம் வகுப்பு.

வெல்லமும் சர்க்கரையும்

செங்கல்பட்டு மாவட்டம் கரும்பும் விளையும் மண். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை படாளத்தில்தான் இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான ஆலைகளில் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்கச் சுண்ணாம்போடு கந்தகப் புகையையும் இரண்டு கட்டங்களில் செலுத்துகிறார்கள். அதனால் நம் வெள்ளைச் சர்க்கரையில் சிறிது சல்பைட் தங்கும். கிலோவுக்கு 70 மில்லிகிராம் என்பது வரம்பு. நாளுக்கு 30 கிராம் சர்க்கரை சாப்பிட்டாலும் அதிலிருந்து வருவது 2 மில்லிகிராம்தான். சர்க்கரையைக் குறைக்க ஆயிரம் காரணம் உண்டு. அவற்றில் சல்பைட்டுக்கு இடமில்லை.

வெல்லத்தில் நிலைமை வேறு. பொங்கல் சந்தையில் தங்க மஞ்சளாக மின்னும் உருண்டைக்குத்தான் விலை. கரும்புச் சாறு இயல்பாகக் காய்ந்தால் வரும் நிறமோ பழுப்பு, சில மண்ணில் கரும்பழுப்பு. இடைவெளியை நிரப்ப ஆலைக்கொட்டாயில் போடுவது ‘ஹைட்ரோஸ்’. அது சோடியம் ஹைட்ரோசல்பைட்; துணிச் சாயப்பட்டறைகளில் புழங்கும் பொருள். வெந்து கொதிக்கும் பாகில் ஒரு பிடி தூவினால் கண் முன்னாலேயே நிறம் இறங்கும். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வெல்ல ஆலைகளில் சோதனை போடும் செய்திகளில் தவறாமல் வரும் பெயர் இது. பாகின் அழுக்கை எடுக்கப் பழைய ஆலைக்காரர்கள் கையாண்டது வெண்டைச் செடியின் கொழகொழப்பு. இன்றும் சிலர் அப்படியே செய்கிறார்கள். வெல்லம் பழுப்பாகத்தான் வரும், ஆனால் மணம் நிற்கும்.

ஹைட்ரோஸ் தரும் வெளுப்பு நிலைக்காது. வாங்கும்போது எலுமிச்சை மஞ்சளாக இருந்த வெல்லம் சில வாரங்களில் டப்பாவிலேயே கறுத்துப்போனால், அது வெளுத்த வெல்லமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் என் தீர்ப்பு கடுமையானது: மஞ்சள் வெல்லத்தை வாங்கவே வேண்டாம். சர்க்கரைப் பொங்கல் பழுப்பாக இருந்தால் யாருக்கும் குறையில்லை.

பாக்கெட்டில் எதைப் படிப்பது

220 முதல் 228 வரை உள்ள எண்கள் சல்பைட் குடும்பம். லேபிளில் ஐ.என்.எஸ். என்றோ இ என்றோ எழுத்துக்குப் பின் வரும். அதிகம் கண்ணில் படுவன 220, 223, 224. ‘கிளாஸ் டூ ப்ரிசர்வேடிவ்’ என்ற சொற்றொடருக்குப் பக்கத்தில் தேடுங்கள். அதே இடத்தில் 211 இருந்தால் அது சோடியம் பென்சோயேட், சல்பைட் அல்ல. 2020-ல் வந்த உணவு லேபிள் விதிகளின்படி, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் தனியாகவும் சொல்ல வேண்டும். பால், வேர்க்கடலை, மீன் இவற்றோடு ஒரே வரியில் அது இருக்கும்.

உலர்பழங்கள்தான் இருப்பதிலேயே கனமானவை. கோடெக்ஸ் வரம்பு வெளுத்த உலர்திராட்சைக்குக் கிலோவுக்கு 1500 மில்லிகிராம், உலர்ந்த ஆப்ரிகாட்டுக்கு 2000. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வரம்பு முழுவதும் இருக்கும் திராட்சை 30 கிராமில், அதாவது ஒரு கைப்பிடியில், 45 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளின் நாள் முழு அளவு அதிலேயே தாண்டிவிடுகிறது. பாயசத்தில் விழும் நாலு திராட்சைக்கு இது பொருந்தாது. ‘சத்து’ என்று குழந்தைக்குத் தினம் கிண்ணம் நிறைய நீட்டுகிறோமே, அதற்குப் பொருந்தும். ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் ஆப்ரிகாட் சல்பைட் கண்டது. கந்தகம் படாதது பேரீச்சம்பழ நிறத்தில் சுருங்கி இருக்கும். பொன்னிறத் திராட்சைக்குப் பதில் கறுப்புத் திராட்சையை வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

ஒயின் குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்பு ஒயினால் வரும் தலைவலியைச் சல்பைட் மேல் போடுவது வழக்கம். ஐரோப்பிய வரம்பில் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளை ஒயினுக்கு 200. குற்றவாளி சல்பைட் என்றால் வெள்ளையில்தான் தலை அதிகம் வலிக்க வேண்டும். இளைப்பு உள்ளவர்கள் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. சாலையோரம் கண் முன்னால் சீவித் தரும் இளநீருக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது. பச்சை மட்டையைச் செதுக்கி, வெள்ளையாகப் பிளாஸ்டிக் சுற்றி, குளிர்பெட்டியில் அடுக்கிய இளநீர் வேறு ரகம். அதைச் சிட்ரிக் அமிலமும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பது வேளாண் பல்கலைக்கழகமே கற்றுத்தரும் முறை. மருந்து படுவது வெளி மட்டையில்தான், உள்ளே இருக்கும் தண்ணீரில் அல்ல.

ஸ்குவாஷ் போட்டு விற்கிறவர்களுக்கு

மகளிர் குழுக்களில் எலுமிச்சை, அன்னாசி, மாம்பழ ஸ்குவாஷ் போடக் கற்றவர்களுக்குக் ‘கே.எம்.எஸ்.’ என்றால் தெரியும். அதுதான் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். ஸ்குவாஷில் கந்தக டைஆக்சைடு கிலோவுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டில் பல்லாண்டு வழக்கில் உள்ள வரம்பு. பொடியின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம்தான் வாயுவாகிறது என்பதால், ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம் பொடி போதும். தேக்கரண்டியால் அளந்தால் இந்த அளவு ஒருபோதும் சரியாக வராது. ஒரு வழி இருக்கிறது. 6 கிராம் பொடியை நகை எடைத் தராசில் நிறுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, மொத்தக் கரைசல் சரியாக 100 மில்லி வரும்படி தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசி போடாத சிரிஞ்சால் ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 10 மில்லி எடுத்து விடுங்கள். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பாகும் சாறும் முழுதாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். சூட்டில் விட்டால் வாயு பறந்துபோய், காசும் போய், ஸ்குவாஷும் புளிக்கும். புளிப்புச் சாற்றில் பொடியைப் போடும்போது முகத்தைப் பாத்திரத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். குழுவில் இளைப்பு உள்ளவர் இருந்தால் அந்த வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டாம். நாவல், கறுப்புத் திராட்சை, மாதுளைச் சாறுகளில் கே.எம்.எஸ். போட்டால் நிறம் வெளுத்துப்போகும். அவற்றுக்குச் சோடியம் பென்சோயேட்தான். தகரக் குவளையில் அடைக்கும் எதிலும் கே.எம்.எஸ். போடக் கூடாது, தகரத்தை அரிக்கும்.

லேபிளில் எண்ணை எழுதுங்கள். கூடவே, குழந்தைகளுக்கு எவ்வளவு என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். வரம்பு முழுக்கச் சல்பைட் உள்ள ஸ்குவாஷ் 50 மில்லி ஊற்றிக் கலக்கிய ஒரு டம்ளரில் சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். 20 கிலோ குழந்தையின் வரம்பு 14 என்று முன்பே பார்த்தோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றன்று பிழிந்த எலுமிச்சை ஜூஸ் கொடுத்துவிடலாம். ஸ்குவாஷ் வெளியூருக்குப் போகட்டும்.

சந்தேகம் வந்தால்

ஸ்டார்ச்சும் அயோடினும் கலந்த நீல நீரில், உணவுப் பொருளை ஊறவைத்த தண்ணீரை விட்டு, நிறம் போனால் சல்பைட் என்று ஒரு வீட்டுச் சோதனை சொல்வார்கள். சல்பைட் நிறத்தைப் போக்கும் என்பது உண்மைதான். ஆனால் வைட்டமின் சி-யும் அதையே செய்யும். அதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரியான வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்குகிற எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கச் சொல்லலாம். அப்படிச் செய்யப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் விதிக்கு உட்படாதது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக நேரமில்லாதவர்கள், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடையின் பெயர், இடம், வாங்கிய நாள், பொருளின் படம் ஆகியவற்றை அனுப்பலாம். மிச்சப் பொருளைத் தூக்கி எறியாமல் மூடி, குளிர்பெட்டியில் வைத்திருங்கள்.

சாப்பிட்டபின் மூச்சு இறுகினால் புகாரெல்லாம் பிறகு. இன்ஹேலரை எடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.